இடது ஆட்காட்டி விரல்

மூன்றாம் பகுதி, ஞாயிறு இரவு ஒன்பது மணி.
பாளையங்கோட்டை வாடகை வீட்டில்
சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கிறேன்.
கறுப்பு வெள்ளையில் ஒரு வரிசை நகர்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு,
வடக்கே ஒரு கிராமம் என்கிறது கனத்த குரல்.
பின்னால் நிற்கிற வேப்பமரம் எனக்குத் தெரியும்.
முக்கூடலுக்கு மேற்கே,
காக்கைக்குளம் நடுநிலைப் பள்ளி.

கட்டடம் பழசு, ஆள்கூலி குறைவு,
ஆற்றோரம் வெயில் நன்றாக விழுகிறது என்று
டெல்லியிலிருந்து வந்து எடுத்தார்கள்.
பீடி சுற்றுகிற பெண்கள் நாற்பது பேர்.
முக்காடு மட்டும் இயக்குநர் கொண்டுவந்தது.

முப்பிடாதிக்குத் தனியாக ஒரு காட்சி.
பட்டியல் எழுதுகிறவர் பெயர் கேட்பார்.
அவள் தலையைக் குனிந்து
இன்னார் பெண்டாட்டி என்று மட்டும் சொல்ல வேண்டும்.
சொந்தப் பெயரைச் சொல்லாத லட்சக்கணக்கான பெண்களை
முதல் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்களாம்.
ஆறு தடவை எடுத்தும் சரிவரவில்லை.
பெயர் என்ன என்றதுமே
"முப்பிடாதி" என்று விழுந்துவிடும்,
பீடிக்கடையில் பாஸ்புக்கை நீட்டுகிற வேகத்தில்.
ஏழாவது தடவை
வெற்றிலையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

காலையில் பெயர் அடிபட்டவளே
மத்தியானம் வேறு சேலை கட்டி
ஓட்டும் போட்டாள்.
ஆள் பற்றாக்குறை.
ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு தகரப்பெட்டி.
சாமான்களுக்குப் பொறுப்பான பையன்
சாய மை திரையில் பொய்யாகத் தெரியும் என்று
டவுன் ரசாயனக் கடைக்கு ஆள் அனுப்பி
வெள்ளி நைட்ரேட் வாங்கிவரச் செய்து
தானே கலக்கினான்.
எல்லாம் உண்மையாக இருக்கணுமாம்.

இருந்தது.

பதினோராம் நாள், அதே பள்ளியில்
உள்ளாட்சித் தேர்தல்.
வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள்,
சீட்டுகளை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தோம்.
விரல் பார்ப்பதும் மை வைப்பதும் என் வேலை.
"நீட்டுங்கம்மா" என்றேன்.
நகத்திலிருந்து தோல் வரை ஒரு கறுப்புக் கோடு.
என் புட்டியில் இருந்ததைவிட அடர்த்தி.

"அது டிவிக்காரவிய வச்சது சார்.
வெளக்குமாத்துக் கட்டையால தேச்சாலும் போவ மாட்டேங்கு."

பெயர் பட்டியலில் இருந்தது.
புகைப்படம் இருந்தது, முகமும் அதேதான்.
வரிசை எண் இருநூற்றுப் பதினேழு.
விரல் மட்டும் அவளுக்கு முன்னால் வந்து
ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

தலைமை அலுவலர் கையேட்டில் பக்கத்தை மடித்தே வைத்திருந்தார்.
மை இருந்தால் சீட்டு கிடையாது.
வரிசையில் பின்னால் நின்றவர்கள்
கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.
ஒருத்தி எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து
தோல் உரிந்து வந்திருந்தாள்.
உரிந்த இடத்துக்குக் கீழேயும் கறுப்பு.

முப்பிடாதி நகரவில்லை.
"அந்தப் பொய் ஓட்டுக்கு நானூறு ரூவாயும் சோறும் தந்தாவ.
இந்த ஓட்டுக்கு ஐந்நூறு, நேத்து ராத்திரியே வாங்கியாச்சு.
போடாமப் போனா
அந்த ஆளு மூஞ்சில எப்படி சார் முழிப்பேன்?"
சிரித்தது நான்தான்.
ஏஜெண்டுகள் இரண்டு பேரும்
கரும்பலகையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்தார்கள்.

முப்பத்தொரு பேரைத் திருப்பி அனுப்பினோம்.
ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் நடுவே ஆறு ஓட்டு.
ஐந்நூறை அவள் கொண்டுபோய்க் கொடுத்தாளாம்.
வாங்கிக்கொண்டானாம்.

இப்போது திரை முழுக்க அந்த விரல்.
மூன்று விநாடி.
மக்கள் முதன்முறையாகப் பேசினார்கள் என்கிறது குரல்,
கீழே வயலின்.
கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன.
ஓட்டுநர் வரைக்கும் உண்டு, தேநீர் கொடுத்தவர் உண்டு,
காக்கைக்குளம் ஊராருக்கு ஒரு வரி நன்றி.

சாப்பிட்டு வந்து, பதினோரு மணி மறுஒளிபரப்பிலும்
அந்த இடத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.
பட்டியல்காரர் பேனாவைத் தூக்கிப் பெயர் என்ன என்கிறார்.
அவள் தலை குனிகிறாள், கன்னத்தில் வெற்றிலை புடைத்திருக்கிறது.
காட்சி வெட்டுப்படுவதற்குச் சற்று முன்
உதடு இரண்டும் சேர்ந்து குவிகின்றன,
மு